மாற்றப்பட்ட லிப்பிட் மாதிரிச் சவ்வை என்ன செய்கிறது? கணக்கு முதல் அளவீடு வரை ஒரு முழு வழிகாட்டி

டிபிபிசி என்று ஒரு லிப்பிட், அதாவது நீரை விரும்பும் தலையும் இரண்டு கொழுப்பு வால்களும் கொண்ட சவ்வு மூலக்கூறு. சவ்வு ஆய்வுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். தண்ணீரில் அதன் இரட்டையடுக்கு 41 டிகிரியில் இறுகிய ஜெல் நிலையிலிருந்து திரவ நிலைக்கு மாறும். இப்போது அதன் இரண்டு வால்களிலும் இருக்கிற 62 ஹைட்ரஜன்களையும் டியூட்டீரியமாக (கனமான ஹைட்ரஜனாக) மாற்றுங்கள். வடிவம் அதேதான், மின்னூட்டம் அதேதான், நீளமும் அதேதான். ஆனால் நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 37 டிகிரிக்கு இறங்கிவிடும். இதைவிடச் சின்ன மாற்றத்தை ஒரு லிப்பிட்டில் செய்வது கடினம், அதற்கே நான்கு டிகிரி. அப்படியானால் தலையில் பெரிய ரோடமீன் சாயத்தைச் சுமக்கிற லிப்பிட், வால் பாதியில் அறுந்து முனையில் அமிலம் தொங்குகிற ஆக்சிஜனேற்ற லிப்பிட், 45 கண்ணிப் பாலிமரை இழுத்துக்கொண்டு வருகிற பெக் லிப்பிட் எல்லாம் சவ்வை என்ன பாடு படுத்தும்?

எம்எஸ்சி ப்ராஜெக்ட் செய்கிறவர்களையும் பிஎச்டி முதல் வருடத்தில் இருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். லைபோசோம், அதாவது லிப்பிட்டால் ஆன நுண்ணிய பை, ஒருமுறையாவது செய்து பார்த்திருந்தால் போதும்.

படி 1: மாற்றம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

லிப்பிட்டின் பெயரைப் பார்த்ததும் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். ஒரு தாளில் மூலக்கூறை வரைந்து, மாற்றம் வாலில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா, இரண்டையும் இணைக்கிற கழுத்தில் இருக்கிறதா என்று குறியுங்கள். எதை அளக்க வேண்டும் என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

வாலில் என்ன நடக்கும் என்பதற்கு 18 கார்பன் வால் கொண்ட மூன்று லிப்பிட்டுகளைப் பாருங்கள். வால் இரண்டும் நிறைவுற்றிருந்தால் (டிஎஸ்பிசி) நிலைமாற்றம் 55 டிகிரியில். ஒவ்வொரு வாலின் நடுவிலும் ஒரு ட்ரான்ஸ் இரட்டைப் பிணைப்பு இருந்தால் சுமார் 12 டிகிரி. அதே இடத்தில் சிஸ் பிணைப்பு என்றால் (டிஓபிசி) பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 17 டிகிரி. ட்ரான்ஸுக்கும் சிஸ்ஸுக்கும் அணுக்களின் எண்ணிக்கையில் துளி வித்தியாசம் இல்லை, ஒரு வளைவுதான் வித்தியாசம். வால்கள் பக்கத்தில் பக்கத்தில் நெருங்கி அடுக்கி நிற்பதை அந்த வளைவு கெடுத்துவிடுகிறது.

வாலில் முனைவுள்ள தொகுதி வந்தால் கதை இன்னும் மாறும். பிஓபிசி என்ற லிப்பிட்டில், நடுவே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலியேட் வால் ஆக்சிஜனேற்றத்தில் ஒன்பதாவது கார்பனில் அறுபட்டால், முனையில் ஆல்டிஹைடு கொண்ட பாக்ஸ்னோபிசி அல்லது கார்பாக்சிலிக் அமிலம் கொண்ட பேஸ்பிசி கிடைக்கும். இந்தக் குட்டை வால் எண்ணெய்ப் பகுதிக்குள் நிம்மதியாக இருக்காது. முனையில் தண்ணீரை விரும்புகிற தொகுதி இருப்பதால் மடங்கி நீர்ப்பரப்பை நோக்கித் திரும்பும். அமிலம் உள்ளதில் இது மிகத் தெளிவாக நடக்கும், ஆல்டிஹைடில் ஓரளவுக்கு. வால் திரும்பியதும் சவ்வின் நடுவில் இடம் காலியாகும், சவ்வு மெலியும், ஒவ்வொரு லிப்பிட்டும் எடுத்துக்கொள்ளும் பரப்பு கூடும், தண்ணீர் உள்ளே நுழைய வழி பிறக்கும். வாலில் என்பிடி சாயம் ஒட்டிய லிப்பிட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாயம் வால்நுனியில் இருப்பதால் சவ்வின் மையத்தைப் பார்க்கிறோம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மேலே ஏறி வந்து தலைப்பகுதிக்கு அருகில் உட்கார்ந்திருக்கும்.

தலையில் மாற்றம் என்றால் மூன்றைக் கேளுங்கள்: மின்னூட்டம் மாறியதா, பருமன் மாறியதா, நீர் பிடிக்கும் தன்மை மாறியதா? மின்னூட்டத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். டிஎஸ்பிஇ-பெக்2000 பார்வைக்கு நடுநிலையான பாலிமர் போலத் தெரியும், ஆனால் பிஇ என்ற தலைத்தொகுதியின் அமீனில் பெக்கை ஒட்டும்போது அந்த நேர் மின்னூட்டம் போய்விடுகிறது, பாஸ்பேட்டின் எதிர் மின்னூட்டம் மட்டும் மிஞ்சுகிறது. பிஇ-யின் அமீனில் ஒட்டிய சாயங்களுக்கும் இதே கணக்குதான். ஆக, பெக் சேர்த்ததால் வந்த விளைவு என்று நீங்கள் சொல்லப்போவது வெறும் எதிர் மின்னூட்டத்தால் வந்ததாகவும் இருக்கலாம். ஆர்என்ஏ மருந்துகளில் வரும் அயனியாகும் லிப்பிட்டுகளில் இது பிஎச்சைப் பொறுத்து மாறும். 2018-ல் அனுமதி பெற்ற ஆன்பாட்ரோவில் இருக்கிற எம்சி3 லிப்பிட்டின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்னூட்டம் பெறும் பிஎச்) சுமார் 6.4. ரத்தத்தின் பிஎச்சில் அது பெரும்பாலும் நடுநிலை, செல்லுக்குள் அமிலமான எண்டோசோமில் நேர் மின்னூட்டம். பஃபர் எந்த பிஎச் என்று எழுதாத அளவீடு இந்த வகை லிப்பிட்டுக்கு எந்தப் பயனும் தராது.

கழுத்தைப் பற்றிச் சுருக்கமாக: எஸ்டர் பிணைப்புக்குப் பதில் ஈதர் பிணைப்பு வந்தாலே டிபிபிசி-யின் ஈதர் வடிவம் ஜெல் நிலையில் வாலோடு வால் கோத்துக்கொள்கிறது, இரண்டு அடுக்கு கிட்டத்தட்ட ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது.

படி 2: ஜோடியை முடிவு செய்யுங்கள்

மாற்றப்பட்ட லிப்பிட் உள்ள சவ்வு ஒன்று, இல்லாத சவ்வு ஒன்று, இரண்டையும் ஒப்பிட்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். போதாது. டிஎஸ்பிஇ-பெக் சேர்க்கும்போது பெக்கை மட்டும் சேர்ப்பதில்லை, 18 கார்பன் நிறைவுற்ற இரண்டு வால்களையும் ஒரு எதிர் மின்னூட்டத்தையும் சேர்த்தே போடுகிறீர்கள். அதனால் குறைந்தது இரண்டு கன்ட்ரோல் வேண்டும்: எதுவும் சேர்க்காத சவ்வு ஒன்று, அதே அளவு மின்னூட்டமும் ஒத்த வாலும் கொண்ட, ஆனால் பெக் இல்லாத லிப்பிட் சேர்த்தது இன்னொன்று.

ஆக்சிஜனேற்ற லிப்பிட்டுகளில் இயற்கையே நல்ல ஜோடியைக் கொடுத்திருக்கிறது. பேஸ்பிசி-யும் பாக்ஸ்னோபிசி-யும் கிட்டத்தட்ட ஒரே நீள வால் கொண்டவை. பிஎச் 7.4-ல் ஒன்றின் வால்நுனியில் எதிர் மின்னூட்டம் உண்டு, மற்றதில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தால் வால் குட்டையானதன் விளைவையும் மின்னூட்டத்தின் விளைவையும் பிரித்துப் பார்க்கலாம். பேஸ்பிசி-யை மட்டும் வைத்துக்கொண்டு பிஎச்சைக் குறைத்து அதன் அமிலத்தை நடுநிலையாக்கியும் பார்க்கலாம், எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், ஏனென்றால் மூலக்கூறு மாறுவதே இல்லை.

எந்த மாதிரிச் சவ்வு என்பது அளவீட்டைப் பொறுத்தது. கசிவுக்கும் ஒளிர்வு அளவீடுகளுக்கும் 100 நானோமீட்டர் லைபோசோம். கண்ணால் பார்க்க, வளைவதைப் பார்க்க, 10 மைக்ரோமீட்டருக்கு மேலான ராட்சத வெசிக்கிள் (பெரிய லிப்பிட் பை). ஒரு லிப்பிட் எவ்வளவு பரப்பு எடுக்கிறது என்று நேரடியாக அறிய நீர்ப்பரப்பில் ஒற்றையடுக்கு. மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன் அழுத்தத்தில் படிப்பதை இரட்டையடுக்கோடு ஒப்பிடுவது வழக்கம்.

படி 3: கணக்கும் கலவையும்

எப்போதும் மோல் சதவீதத்தில் யோசியுங்கள், எடையில் அல்ல. ஓர் எடுத்துக்காட்டு. 1 மில்லிமோலார் செறிவில் 1 மி.லி. லைபோசோம், அதில் 5 மோல் சதவீதம் பேஸ்பிசி, மீதி பிஓபிசி வேண்டும். மொத்தம் 1 மைக்ரோமோல் லிப்பிட். பிஓபிசி 0.95 மைக்ரோமோல், மூலக்கூறு எடை 760, ஆக 722 மைக்ரோகிராம், அதாவது மி.லி.க்கு 10 மி.கி. ஸ்டாக்கிலிருந்து 72 மைக்ரோலிட்டர். பேஸ்பிசி 0.05 மைக்ரோமோல், மூலக்கூறு எடை சுமார் 666, ஆக 33 மைக்ரோகிராம், மி.லி.க்கு 1 மி.கி. ஸ்டாக்கிலிருந்து 33 மைக்ரோலிட்டர்.

ஒரே அளவில் மட்டும் செய்யாதீர்கள். 0, 1, 2.5, 5, 10 என்று ஒரு வரிசை செய்யுங்கள். விளைவு படிப்படியாகக் கூடுகிறதா, ஓர் இடத்தில் திடீரென்று தாவுகிறதா என்பதுதான் மிகப் பெரிய தகவல். பெக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிப்பிட் 0.65 சதுர நானோமீட்டர் எடுக்கிறது என்றால், 5 மோல் சதவீதத்தில் 13 சதுர நானோமீட்டருக்கு ஒரு பெக், அதாவது இரண்டு பெக்குகளுக்கு நடுவே சுமார் 3.6 நானோமீட்டர். பெக்2000 சுருண்டு கிடக்கும்போது அதன் அளவு சுமார் 3.5 நானோமீட்டர். ஆக, 5 சதவீதத்துக்குக் கீழே ஒவ்வொரு பெக்கும் தனிக் காளான் மாதிரி நிற்கும், அதற்கு மேலே ஒன்றையொன்று நெருக்கி தூரிகையின் மயிர் மாதிரி நிமிரும். இன்னும் கூட்டிக்கொண்டே போனால் சவ்வு தாங்காமல் வட்டத் தட்டுகளாகவும் மைசெல்களாகவும் (உள்ளே நீரில்லாத சிறு லிப்பிட் உருண்டைகளாகவும்) பிரியும். 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் என்ற லைபோசோம் மருந்தில் பெக் லிப்பிட் 5 மோல் சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அந்த எண் எனக்குத் தற்செயலாகத் தெரியவில்லை.

கலக்கும்போது சில கட்டாயங்கள். குளோரோஃபார்மில் இருக்கும் லிப்பிட்டைக் கண்ணாடி சிரிஞ்சில் மட்டும் எடுங்கள், பிளாஸ்டிக் டிப் கரைந்து சாம்பிளில் சேரும், அதுவும் ஒரு வேதியியல் கலப்படம்தான். மூடி டெஃப்லான் பூச்சுள்ளதாக இருக்கட்டும். வெயில் காலத்தில் ஏசி இல்லாத அறையில் புட்டியைத் திறந்து வைத்தால் குளோரோஃபார்ம் பறந்து செறிவு கூடிவிடும், அதனால் பழைய ஸ்டாக்கின் லேபிளை நம்பாமல் பாஸ்பேட் அளவீடு செய்து சரிபாருங்கள். மூடுவதற்கு முன் ஆர்கான் ஊதுங்கள், மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் ஆய்வைத் தொடங்கிய வருடம் கசிவுப் பரிசோதனை செய்தபோது எதுவும் சேர்க்காத கன்ட்ரோல் லைபோசோமே கசிந்தது. பஃபரை மாற்றினேன், சாயத்தை மாற்றினேன், ஃபில்டரை மாற்றினேன். இரண்டு மாதம் கழித்துத்தான் பிஓபிசி புட்டியை மெல்லிய படலப் பிரிப்பில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளி வர வேண்டிய இடத்தில் இன்னொன்றும் நின்றது. பல பேர் திறந்து மூடிய, ஆர்கான் காணாத புட்டி அது. ஆக்சிஜனேற்ற லிப்பிட்டின் விளைவைப் படிக்க வந்தவன், கன்ட்ரோலிலேயே அதை வைத்துக்கொண்டு அளந்திருக்கிறேன்.

படி 4: வெசிக்கிள் செய்வது

குளோரோஃபார்மை நைட்ரஜனில் ஊதிப் படலமாக்கி, குறைந்தது இரண்டு மணி நேரம் வெற்றிடத்தில் வையுங்கள். மிஞ்சிய கரைப்பானும் சவ்வை மென்மையாக்கும். பிறகு கலவையில் மிக அதிக நிலைமாற்ற வெப்பநிலை எந்த லிப்பிட்டுக்கோ அதற்கு மேலே வைத்து பஃபர் ஊற்றுங்கள். ஐந்து முறையாவது உறைய வைத்து உருக்குங்கள். 100 நானோமீட்டர் ஃபில்டர் வழியாக ஒற்றைப்படை எண்ணிக்கையில், 11 அல்லது 21 முறை தள்ளுங்கள், அப்போதுதான் ஃபில்டரைத் தாண்டாத கட்டிகள் முதல் சிரிஞ்சிலேயே தங்கும்.

ராட்சத வெசிக்கிளுக்கு மின்புல முறை எளிது. கடத்தும் பூச்சுள்ள கண்ணாடியில் லிப்பிட் படலம், உள்ளே 200 மில்லிமோலார் சுக்ரோஸ், 10 ஹெர்ட்ஸ், சுமார் 1 வோல்ட், ஒன்றிரண்டு மணி நேரம். பிறகு அதே ஆஸ்மோலாரிட்டி உள்ள குளுக்கோஸில் ஊற்றினால் வெசிக்கிள்கள் கீழே படியும். வோல்டேஜைக் கூட்டினால் சீக்கிரம் வளரும் என்று கூட்டாதீர்கள், நிறைவுறா வால்கள் மின்முனையிலேயே ஆக்சிஜனேற்றம் அடையும்.

படி 5: போட்டது உள்ளே இருக்கிறதா?

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிப் போகிறார்கள். 10 சதவீதம் கலந்தேன் என்பதால் சவ்வில் 10 சதவீதம் இருக்கிறது என்று ஆகாது. ஆக்சிஜனேற்ற லிப்பிட்டுகளுக்கும் ஒற்றை வால் லைசோ லிப்பிட்டுகளுக்கும் தண்ணீரில் கரைதிறன் அதிகம். சாம்பிளை மைக்ரோமோலார் அளவுக்கு நீர்க்கச் செய்தால் சவ்வை விட்டு வெளியே போகத் தொடங்கும். அதனால் அளக்கப்போகும் செறிவிலேயே வைத்து ஜெல் பத்தியில் ஓட்டி, வெசிக்கிள் பகுதியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். ஒளிச்சிதறலில் அளவும் பாருங்கள். 100 நானோமீட்டர் சிகரத்துக்குப் பக்கத்தில் 10 நானோமீட்டரில் புதிதாக ஒன்று முளைத்தால் அது மைசெல்லாக இருக்கலாம்.

லிப்பிட் கெட்டுவிட்டதா என்று 234 நானோமீட்டரில் பார்க்கும் பழக்கம் உண்டு. அது இணை இரட்டைப் பிணைப்பைக் காட்டும் முறை, ஆகவே ஒரு வாலில் இரண்டு அல்லது அதற்கு மேல் இரட்டைப் பிணைப்பு உள்ள லிப்பிட்டுக்குத்தான் வேலை செய்யும். பிஓபிசி-யின் வாலில் இருப்பதே ஒன்றுதான். அங்கே 234-ல் ஒன்றும் தெரியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், மெல்லிய படலப் பிரிப்போ மாஸ் ஸ்பெக்ட்ரமோதான் வழி.

படி 6: அளப்பது

வெப்ப அளவீடு, அதாவது டிஎஸ்சி: பிஓபிசி மைனஸ் 2 டிகிரியை ஒட்டி மாறுவதால் பனிக்கட்டியின் சிகரம் குறுக்கே வரும். டிபிபிசி அல்லது 24 டிகிரியில் மாறும் டிஎம்பிசி-யில் உங்கள் லிப்பிட்டைக் கலந்து ஓட்டுங்கள். நிமிடத்துக்கு 1 டிகிரி அல்லது அதைவிட மெதுவாக. டிபிபிசி-யில் 35 டிகிரியை ஒட்டி ஒரு சின்ன முன்மாற்றம் உண்டு, கலப்படத்துக்கு முதலில் பலியாவது அதுதான், ஒன்றிரண்டு சதவீதத்திலேயே மங்கும். முதன்மைச் சிகரம் கீழே நகர்ந்து அகன்றால் அடுக்கு குலைகிறது என்று பொருள். இரண்டாகப் பிளந்தால் உங்கள் லிப்பிட் கலக்காமல் தனியாக ஒதுங்குகிறது, பிறகு "சராசரி விளைவு" என்று பேசுவதில் அர்த்தம் இல்லை.

லார்டான்: தலைக்கும் வாலுக்கும் இடைப்பட்ட எல்லையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லும் சாயம். 440 நானோமீட்டர் ஒளிர்விலிருந்து 490 நானோமீட்டர் ஒளிர்வைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். மதிப்பு குறைந்தால் தண்ணீர் கூடியிருக்கிறது. டிபிஎச் சாயம் வால்களுக்கு நடுவே இருக்கும். இரண்டும் வெவ்வேறு கதை சொன்னால் பயப்படாதீர்கள், மாற்றம் எந்த ஆழத்தில் நடக்கிறது என்பதைத்தான் அவை சொல்கின்றன.

கசிவு: 1965-ல் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரகாமில் அலெக் பாங்கமும் கூட்டாளிகளும் தண்ணீரில் உப்பிய பாஸ்போலிப்பிட் அடுக்குகளைப் பற்றி எழுதியபோது, அவர்கள் அளந்ததே அயனிகள் வெளியே கசிவதைத்தான். லைபோசோமின் வரலாறே கசிவில் தொடங்குகிறது. இன்று நாம் 70 மில்லிமோலார் கால்சீனை உள்ளே அடைக்கிறோம். அந்த நெருக்கத்தில் சாயம் தன்னையே அணைத்துக்கொள்ளும், வெளியே வந்து நீர்த்தால் ஒளிரும். வெளிச் சாயத்தைப் பத்தியில் நீக்கிவிட்டு 490-ல் தூண்டி 520-ல் படியுங்கள். கடைசியில் ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட் போட்டு உடைத்தால் 100 சதவீதம். தொடக்கம் 50, இப்போது 200, ட்ரைட்டானுக்குப் பின் 800 என்றால், 150-ஐ 750-ஆல் வகுத்து 20 சதவீதம்.

இந்த 20 சதவீதத்தில் ஒரு மயக்கம் உண்டு. ஐந்தில் ஒரு வெசிக்கிள் முழுக்கக் காலியாகியிருக்கலாம், அல்லது எல்லா வெசிக்கிளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கலாம். இரண்டாவது என்றால் உள்ளே மிஞ்சிய சாயம் இன்னும் அணைந்தே இருப்பதால் ஒளிர்வு நேர் விகிதத்தில் கூடாது. பாதியில் நிறுத்தி, வெசிக்கிளை மறுபடி பத்தியில் பிரித்து, உள்ளே இருக்கும் சாயம் எவ்வளவு அணைந்திருக்கிறது என்று பார்த்தால் எது என்று தெரியும். வெளிப்புற ஆஸ்மோலாரிட்டியும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் கிழித்ததை லிப்பிட்டின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

படி 7: சாயமும் ஒரு மாற்றப்பட்ட லிப்பிட்தான்

100 நானோமீட்டர் வெசிக்கிளில் சுமார் 90,000 லிப்பிட் இருக்கும். 0.5 சதவீதம் சாய லிப்பிட் என்றால் ஒவ்வொன்றிலும் 450. கேட்க அதிகமாகத் தோன்றினாலும் பெரும்பாலான அளவீடுகளில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. சிக்கல் ஒளியில் வருகிறது. சாயம் ஒளியை வாங்கி ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, பக்கத்திலிருக்கும் நிறைவுறா வாலைத் தாக்கும். டிஓபிசி, டிபிபிசி, கொலஸ்ட்ரால் கலந்த ராட்சத வெசிக்கிளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே இருந்தால், முதலில் ஒரே சீராக இருந்தது கண்ணெதிரே திட்டுத்திட்டாகப் பிரியலாம். அது உங்கள் கலவையின் குணமாக இருக்க வேண்டியதில்லை, உங்கள் விளக்கு செய்த வேலையாக இருக்கலாம்.

சரி, எப்படிச் சோதிப்பது? ஸ்லைடை நகர்த்தி, இதுவரை ஒளி படாத இடத்துக்குப் போய், முதல் ஒரு நொடிப் படத்தை மட்டும் எடுங்கள். அங்கே திட்டு இல்லையென்றால் பழைய படங்களை ஒதுக்கிவிடுங்கள். சாயத்தை 0.5, 0.2, 0.1 என்று குறைத்து, முடிவு மாறுகிறதா என்றும் பாருங்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே பொருந்தாது, மின்புல முறையில் வளர்ந்த வெசிக்கிள்கள் ஒன்றுக்கொன்று கலவையில் வேறுபடும், அதனால் சில டஜன் வெசிக்கிளையாவது எண்ணுங்கள், அழகாக இருப்பதை மட்டும் பொறுக்காதீர்கள்.

சாயமே இல்லாத வழி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் இருப்பதால் பாஸ் கான்ட்ராஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் வெசிக்கிள் சுற்றுப்புறத்திலிருந்து வேறுபட்ட நிறத்தில் தெரியும். சவ்வில் ஓட்டை விழுந்து சர்க்கரைகள் இடம் மாறினால் அந்த வேறுபாடு மங்கி மறையும். கசிவை நேரடியாகக் கண்ணால் பார்க்கலாம்.

படி 8: எண்களைச் சேர்த்துப் படிப்பது

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். மெத்திலீன் புளூ சாயம் சேர்த்து ஒளி பாய்ச்சினால் சிங்கிலெட் ஆக்சிஜன் (தூண்டப்பட்ட ஆக்சிஜன்) உருவாகி, லிப்பிட்டின் இரட்டைப் பிணைப்பு இருந்த இடத்தில் ஹைட்ரோபெராக்சைடு தொகுதி வரும். வால் அறுபடாது. அந்தத் தொகுதி தண்ணீரை நாடி மேலே நகர்வதால் பரப்பு பெருகும்: பிஓபிசி-யில் சுமார் 15 சதவீதம், டிஓபிசி-யில் அதைவிடச் சற்று அதிகம். சவ்வை இழுத்து நீட்டுவது எவ்வளவு கடினம் என்று சொல்லும் எண் பல மடங்கு குறையும், இறுக்கமான வெசிக்கிள் தளர்ந்து அலைபாயும். இதையெல்லாம் பார்த்தால் அடுத்த நொடி உடையப்போகிறது என்று தோன்றும். ஆனால் சர்க்கரை வெளியே வருவதில்லை, கான்ட்ராஸ்ட் அப்படியே நிற்கும்.

வால் அறுந்து ஆல்டிஹைடு உருவாகும் நிலைக்குப் போனால்தான் கான்ட்ராஸ்ட் மங்குகிறது. ஆகவே பரப்பு கூடியது, சவ்வு மென்மையானது என்ற இரண்டை வைத்துக்கொண்டு "கசியும்" என்று எழுதிவிடாதீர்கள், மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒளி பாய்ச்சிய சாம்பிளில் கசிவு கண்டால் அதையே எடுத்து லிப்பிட்டைப் பிரித்து மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் போடுங்கள், பாக்ஸ்னோபிசி-க்கு உரிய 650-ல் சிகரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு புதிய பிஓபிசி-யில் அதே அளவு பாக்ஸ்னோபிசி-யை நீங்களே கலந்து, ஒளியே படாமல், அதே கசிவு வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.